முறுக்குப் பை

குணவதி அக்காவின் பழைய கஞ்சில் காரில்
ஏழு பேர்.
என் மடியில் இசக்கி,
அவன் மடியில் முறுக்குப் பை.
அதை உள்ளே விடமாட்டார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.

செம்பனை முடிகிற வளைவில்
லம்பாக் மலை தெரிந்தால்
குளுவாங் வந்துவிட்டதென்று அர்த்தம்.
வந்து ஏழு மாதத்தில் முதல் படம்.
ஆலையில் கொதிகலன் சோதனை நேற்றோடு முடிந்ததால்
இவருக்கு ஒரு நாள் விடுப்பு.
சட்டையைத் துவைத்து, தேய்த்து, செண்ட் அடித்தும்
பழம் வேகிற அந்த எண்ணெய் வாசம்
கூடவே காரில் ஏறிக்கொண்டது.

டிக்கெட் பதினேழு வெள்ளி.
இவர் வாய்க்குள் பத்தொன்பதால் பெருக்கினார்.
உதடு அசைவதை அக்கா பார்த்துவிட்டார்.
"பெருக்காதீங்க தம்பி,
பெருக்குனா சோளப்பொரி உள்ள எறங்காது.
மொத வருசம் எல்லாரும் பெருக்குவாங்க,
அப்புறம் கழிக்க ஆரம்பிச்சிடுவாங்க."
எதைக் கழிப்பார்கள் என்று
கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.
முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு
பதினொன்று என்று ஒரு டோக்கன் கொடுத்தான்
வாசலில் நின்ற பையன்.

குளிர் என்றால் அப்படிக் குளிர்.
முந்தானையை இழுத்து இசக்கியை மூடினேன்.
திரையில் தமிழ்,
திரையின் காலடியில் மலாய்.

கோமதி சிரித்தாள்.
யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மூச்சு கழித்து அவன் அதைச் சொன்னான்,
நாங்கள் சிரித்தோம்.
மறுபடியும் அப்படியே.
கீழே வரி முன்னால் வந்துவிடுகிறது,
அதைப் படித்துவிடுகிறாள்.
நான் அம்மா,
ஒரு மூச்சு பின்னால் உட்கார்ந்து
என் மொழியில் என் மகள் சிரிப்பதைத்
துரத்திக்கொண்டிருந்தேன்.

கதை சூடு பிடித்து
'இடைவேளை' என்று எழுத்து வந்ததும்
இவர் எழுந்தேவிட்டார்,
இசக்கியைக் கக்கூசுக்குக் கூட்டிப்போக.
விளக்கு எரியவில்லை.
கதவு திறக்கவில்லை.
காபித் தட்டோடு யாரும் வரவில்லை.
இரண்டே நொடி,
படம் மேலே ஓடத் தொடங்கியது.
"அண்ணே, உக்காருங்கண்ணே, மறைக்குது!"
கோயில் கொடிமரம் போல
கதாநாயகியின் முகத்தின் குறுக்கே
இவருடைய நிழல்.

சங்கரன்கோவிலில் என்றால்
பத்து நிமிஷம் வெளிச்சம் கிடைக்கும்.
அழுதிருந்தால் துடைத்துக்கொள்ளலாம்.
யார் பக்கத்தில் இருக்கிறோம் என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து "என்ன ஆச்சு?" என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி,
"தம்பிக்காரன் செத்துட்டான்லா,
தாப்பி யாருக்கும் தெரியாது."
இவர் என்னைப் பார்த்தார்.
இருட்டில் என்ன பார்த்தாரோ.

வெளியே வந்தால் மழை.
டோக்கனைக் கொடுத்து முறுக்கை மீட்டோம்.
படத்தில் வந்த ஆற்றைக் காட்டி
"அதானே உங்க ஊரு?" என்றார் அக்கா.
"எங்க ஊர்ல ஆறே கெடையாதுக்கா."
அவர் முகம் தொங்கிப்போனது,
டிக்கெட் காசை நான் ஏமாற்றிவிட்டதைப் போல.
ஒரு ஆற்றை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

பாதி வழியில் வைப்பர் நின்றுவிட்டது.
முன்னால் போன பழ லாரியும் கரைந்துபோய்
வெறும் தண்ணீர்.
அக்கா ஓரங்கட்டினார்.
மேல்விளக்கைப் போட்டார்.
சட்டென்று ஏழு முகம்,
கண்ணைக் கூசிக்கொண்டு,
ஒருவரை ஒருவர் பார்த்தபடி.
இருபுறமும் செம்பனை இருட்டு.

முறுக்கு நமுத்துப்போகவில்லை.
அக்கா வீட்டுக்காரர் நாலு தின்றார்.
கோமதி செத்தவன் கதையை
முதலிலிருந்து சொன்னாள்,
நான் அவ்வளவையும் புதிதாகக் கேட்டேன்.
இவர் மட்டும் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு
மழையில் இறங்கி ஒதுங்கப் போனார்.
ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணோம்.
அக்கா ஹார்ன் அடித்தார்,
கொட்டகையில் மணி அடிப்பதைப் போல
இரண்டு தரம்.